கொங்கு நாட்டில் சிறு விமானம் ஓட்ட: காற்றையும் காட்டையும் அறிந்து பறப்பது எப்படி

வெளிநாட்டில் பயிற்சி முடித்து, தனியார் விமானி உரிமத்தோடு ஊர் திரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கோவையிலும் சேலத்திலும் ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும் என்பதைத்தான். அதை ஒரு மாலைப் பொழுதில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாள் பிடிப்பது வேறு பாடம். இந்த மண்ணில் எந்த மாதம் எந்தக் காற்று வரும், எஞ்சின் நின்றால் எந்தக் காட்டில் இறங்கலாம், எதில் இறங்கவே கூடாது என்பது அந்தப் பாடம். எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனமல்ல, உழவு நிலமும் மேய்ச்சல் நிலமும். நான் காங்கேயத்துக்காரன், விமானப் பயிற்றுநர். செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களை விருப்பத்துக்காக ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் தரும் எண்ணுக்கும் உங்கள் விமானத்தின் கையேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இடையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி நிற்க, இந்த ஒரு வாசலில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு வேகம் கூடி உள்ளே வருகிறது. வைகாசி பிற்பாதியில் தொடங்கும். ஆனி, ஆடியில் உச்சம். ஆவணி முடிந்துதான் தணியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைக் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரத்து விமானி வானிலை அறிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் விடிந்து இரண்டு மூன்று மணி நேரம்தான் பொழுதுபோக்குப் பறத்தலுக்கு உகந்தது. வெயில் ஏறத் தரை சூடாகி, மேலே ஓடும் வேகமான காற்று கீழே கலந்துவிடும். பத்து மணிக்கு மேல் காற்றுப்பை ஒரு நிமிடம் தொங்கி மறுநிமிடம் விறைத்து நின்றால், அன்றைக்குக் கொட்டகைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

கோவை ஓடுபாதை 05/23; அதாவது அதன் இரு திசைகள் 50, 230 பாகை. காற்று 260 பாகையிலிருந்து 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 230-க்கும் அதற்கும் 30 பாகை வேறுபாடு. பக்கக்காற்று அந்த வேகத்தில் பாதி, 12 நாட். அதே காற்று சேலத்தின் 04/22 ஓடுபாதையில் வீசினால் வேறுபாடு 40 பாகை. பக்கக்காற்று 15 நாட்டைத் தாண்டிவிடும். செஸ்னா 172-க்குச் சோதனையில் செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட், 152-க்கு 12. அவை தேர்ந்த சோதனை விமானியின் கையில் கிடைத்த எண்கள். உரிமம் பெற்ற முதல் ஆண்டில் 8 நாட்டை உங்கள் எல்லையாக எழுதி, சரிபார்ப்புப் பட்டியலின் மேல் ஒட்டிவையுங்கள். வானில் கணக்குப் போட நேரம் இராது: 30 பாகை என்றால் பாதி, 45 என்றால் பத்தில் ஏழு, 60-க்கு மேல் முழுக் காற்றும் என்று மனப்பாடமாக இருக்கட்டும். காற்று 15 நாட், இடையிடையே அடிக்கும் வீச்சு 25 நாட் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால், இடைப்பட்ட பத்தில் பாதியான 5 நாட்டை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் காற்றில் ஓர் இடம் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. ஓடுபாதை 23-க்கு வலது சுற்றில் வருகிறீர்கள். பேஸ் லெக்கில், அதாவது ஓடுபாதைக் கோட்டுக்குத் திரும்புமுன் அதற்குக் குறுக்கே பறக்கும் பகுதியில், மூக்கு தென்கிழக்கை நோக்கியிருக்கும்; மேற்குக் காற்று முதுகில் தள்ளும். நினைத்ததைவிட விரைவாக ஓடுபாதைக் கோட்டுக்கு வந்து, அதைத் தாண்டிப் போவீர்கள். கோட்டைப் பிடிக்க வலது ரட்டரை (வால் சுக்கானை) அழுத்தி மூக்கை இழுக்கத் தோன்றும். தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், அளவுக்கு மீறிய ரட்டரோடு திரும்பும்போது விமானம் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழந்தால், அது சுழலாக மாறும். மீட்பதற்கு உயரம் இருக்காது. 45 பாகை சாய்வில் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது, 60 பாகையில் 41 சதவீதம். ஆகவே அந்தத் திருப்பத்தில் 30 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள். கோடு தவறிவிட்டால் திராட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுவதும் தள்ளி மேலேறுங்கள், இன்னொரு சுற்று வாருங்கள். கோபுரத்தில் இருப்பவர் யாரும் அதற்காக உங்களைக் குறைத்து மதிப்பதில்லை.

கொங்கு நாட்டு விமானிக்குக் காற்றாலைகள் ஒரு பெரிய துணை. பல்லடம், கேத்தனூர், குடிமங்கலம், தாராபுரம், உடுமலை என்று எங்கு பார்த்தாலும் நிற்கின்றன. காற்றாலையின் மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் தானே திரும்பிக்கொள்ளும். அவசரமாக இறங்க நேரும்போது காற்றுத் திசையை அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் இந்தியாவில் பல இடங்களில் கிடையாது. ஆனால் அருகே போகாதீர்கள். புதிய காற்றாலைகள் சிறகு நுனிவரை 150 மீட்டரைத் தாண்டுகின்றன. அதாவது 500 அடிக்கு மேல். ஊருக்கு வெளியே தரையிலிருந்து 500 அடி என்ற விதியின் குறைந்தபட்ச உயரத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தால் சிறகு நுனியும் நீங்களும் ஒரே மட்டத்தில் இருப்பீர்கள். காற்றாலைக்குப் பின்புறம் காற்று கலைந்து உருளும். சிறு விமானத்தை அது தூக்கிப்போடும். உயரமானி கடல் மட்டக் கணக்கைக் காட்டுவதையும் மறக்கக் கூடாது. பல்லடம் பக்கம் தரையே ஆயிரம் அடிக்கு மேல். முள் 2,000 காட்டினால் காலடியில் ஆயிரம் அடிகூட இல்லை.

சித்திரை வெயிலில் ஏறுவது

கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி. அந்த உயரத்தில், விமானக் கணக்குகளுக்கு அடிப்படையான நியம வளிமண்டல அளவுப்படி வெப்பம் 12 பாகை செல்சியஸ்தான் இருக்க வேண்டும். சித்திரை மதியம் 38 பாகை என்றால் 26 பாகை கூடுதல். பாகைக்கு 120 அடி வீதம் 3,100 அடி சேர்த்தால், உங்கள் விமானம் 4,400 அடி உயரத்து மலை மைதானத்திலிருந்து கிளம்புவதாகவே உணரும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் வலுவை இழக்கிறது. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் காற்று மெலிந்துவிடுகிறது. வேகமானி வழக்கமான எண்ணையே காட்டும். தரையில் உண்மையான வேகம் கூடுதல், ஓட்டமும் நீளம்.

கோவை ஓடுபாதை நீளமானது, பெரிய விமானங்களுக்காக அமைந்தது. அங்கே இந்தக் குறை தெரியாது. பழகிய கை குட்டையான தனியார் ஓடுதளத்துக்குப் போகும்போதுதான் ஆபத்து. அங்கே இரண்டு காரியம் செய்யுங்கள். கையேட்டின் அட்டவணையில் வரும் தூரத்தோடு பாதியைக் கூட்டுங்கள். ஓடுபாதையின் நடுவில் ஓர் அடையாளம் குறித்து, அதற்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் திராட்டிலை இழுத்து நிறுத்திவிடுங்கள். இந்த முடிவைக் கிளம்புமுன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 172-இல் டேங்க் நிறைய எரிபொருள் இருந்தால், நல்ல உடற்கட்டுள்ள மூன்று பெரியவர்களோடு எடை எல்லை ஏறத்தாழ முடிந்துவிடும். விருந்தாளியின் பையையும் இளநீர்க் குலையையும் தராசில் வைத்துவிட்டே ஏற்றுங்கள்.

எஞ்சின் நின்றால்

கிளம்பிய உடனே நின்றால் மூக்கைத் தாழ்த்துங்கள். இடமும் வலமும் 30 பாகைக்குள் எது கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள். ஓடுபாதைக்குத் திரும்பப் பார்ப்பது பல விமானிகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

உயரத்தில் இருக்கும்போது நின்றால் நேரம் உண்டு. சீரான மிதப்பு வேகத்தைப் பிடியுங்கள்: 172எஸ்-க்கு 68 நாட், 152-க்கு 60 நாட். தரையிலிருந்து 3,000 அடியில் 172 ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் மிதக்கும். எதிர்க்காற்றில் அது வெகுவாகக் குறையும். முதலில் இடத்தைத் தேர்ந்துவிட்டு, பிறகே எரிபொருள் வால்வு, எரிபொருள்–காற்றுக் கலவைப் பிடி, கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவி) இருந்தால் அதன் வெப்பம், மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி) என்று கையை ஓட்டுங்கள். ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியான 7700, ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசை. யாரும் கிடைக்கவில்லை என்றால் அவசர அலைவரிசை 121.5. தரை தொடுமுன் எரிபொருளை அடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். மோதலில் விமானத்தின் சட்டகம் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

இனி இடம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை, எல்லாம் மைதானம்.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைத் தென்னந்தோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டு நடுவது வழக்கம். 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி. இரண்டு வரிசைக்கு நடுவே நுழைந்துவிடலாம் என்பது நடக்காத காரியம். அந்தப் பகுதியில் கூடுதல் உயரத்தில் பறப்பதுதான் வழி. தோப்பைத் தாண்டித் திறந்த காட்டை எட்டும் உயரம் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் காடு பார் பிடித்தது, அதாவது மேடும் பள்ளமுமாக வரிசை கட்டியது. குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் ஒடிந்து விமானம் குப்புற விழும். பாரின் திசையிலேயே இறங்குங்கள், காற்று சற்றுப் பக்கவாட்டில் இருந்தாலும் சரி. கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்பது. வேறு வழியே இல்லை என்றால் அதன் தலையையே தரையாக எண்ணி, மிகக் குறைந்த வேகத்தில் அமருங்கள். நிலக்கடலை பிடுங்கிய செம்மண் காடு நல்ல இடம். தை, மாசியில் அறுவடை முடிந்த காடுகள் பல அப்படிக் கிடக்கும். சோளத்தட்டு நிற்கும் காடு மேலிருந்து புல்வெளியாகத் தெரியும்; அது தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். வற்றிய குளம் கவர்ச்சியாகத் தெரிந்தால், கரும்பச்சைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சீமைக்கருவேலம்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கொறங்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் விமானிகள் அனைவரும் அதையே கைகாட்டுகிறார்கள். கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலம். மாடும் ஆடும் மேயும். 3,000 அடியிலிருந்து பார்த்தால் உழாத, சமமான, விரிந்த வெளி. கீழே இறங்கி நடந்து பாருங்கள். ஒவ்வொரு காட்டையும் சுற்றி முள்கிளுவை வேலி, உயிருள்ள வேலி, ஆள் நெஞ்சுயரம், ஆட்டுக்குட்டி நுழைய முடியாத அடர்த்தி. நடுவில் அங்கங்கே வெள்வேல மரங்கள். வெளிறிய பட்டை, கோடையில் இலை மெலிந்து காய்ந்த புல்லோடு நிறம் கலந்துவிடும். நடுப்பகலில் மேலிருந்து அவை புள்ளியாகக்கூடத் தெரியாது. காலையிலும் மாலையிலும் நிழல் நீண்டு விழும்போதுதான் மரம் எத்தனை என்று தெரியும். நிழலைப் பாருங்கள். காட்டின் அளவையும் கணக்கிடுங்கள்: நாலைந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 130, 140 மீட்டர்தான். 172எஸ் நல்ல ஓடுபாதையிலேயே தரை தொட்டபின் ஏறத்தாழ 175 மீட்டர் ஓடுகிறது. ஆகவே மூலைக்கு மூலை வாருங்கள். எதிர்க்காற்றை முழுதாகப் பயன்படுத்துங்கள். முதல் வேலியை ஒட்டித் தரை தொடுங்கள். வேகம் அடங்கியபின் எதிர் வேலியில் போய் முட்டுவதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். வேகத்தோடு மரத்தில் மோதுவதைவிட அது எவ்வளவோ மேல். விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை அந்த நொடியில் விட்டுவிட வேண்டும்.

கிணறுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தோட்டங்களில் பாறையை வெட்டித் தோண்டிய அகலமான கிணறுகள் உண்டு. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மேலிருந்து கரிய சதுரமாகத் தெரியும். அருகே ஒரு சிறு மோட்டார் அறை. அந்த அறை தெரிந்தால், அதற்கு ஒரு மின்கம்ப வரிசை வந்தே தீரும். கம்பியைக் கண்ணால் பிடிக்க முடியாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடக்க வேண்டியிருந்தால் கம்பத்தின் தலைக்கு மேலே கடங்கள். தாராபுரம் வட்டாரத்தில் உயரழுத்தக் கோபுரங்களும் வரிசையாகச் செல்கின்றன. அவற்றின் உச்சியில் போகும் மெல்லிய கம்பிதான் கடைசியாகக் கண்ணில் படும்.

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் இறங்கலாமே என்பார்கள். நடுத்தடுப்பு, விளக்குக் கம்பம், மேம்பாலம், லாரி. எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் சாலை.

இதையெல்லாம் படித்து மட்டும் கற்க முடியாது. நீங்கள் அடிக்கடி பறக்கும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருசக்கர வண்டியில் கடந்து பாருங்கள். தோட்டத்துக்காரரிடம், “அண்ணா, இந்தக் காட்டில் இப்போது என்ன விதைத்திருக்கிறீர்கள், எப்போது அறுப்பீர்கள்?” என்று கேளுங்கள். டீ வாங்கிக்கொடுத்துப் பேசுவார். வரைபடத்தில் நீங்கள் குறிக்கும் இடங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பது அப்போது புரியும். ஐப்பசியில் நல்ல காடு பங்குனியில் உழுது கிடக்கலாம்.

மலைப்பக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைவழியைப் பார்த்தவுடன் மேலே ஏறிப் பார்க்கும் ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே சுமார் 9 கடல் மைல். 75 நாட் வேகத்தில் ஏழு நிமிடம். வெயில் நாளில் 172 நிமிடத்துக்கு 500 அடி ஏறினாலே பெரிது. ஏழு நிமிடத்தில் 3,500. மேட்டுப்பாளையத்தின் மேல் 2,500 அடியில் தொடங்கினால் 6,000 அடியில் போய்ச் சேர்வீர்கள். குன்னூர் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது; பின்னால் தொட்டபெட்டா 2,637 மீட்டர், 8,600 அடிக்கு மேல். பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போகும், திரும்ப அகலம் இருக்காது. சமவெளியிலேயே சுற்றிச் சுற்றித் தேவையான உயரத்தைப் பெற்றுவிட்டு, முகட்டுக்கு ஆயிரம் அடி மேலே, காற்று இருந்தால் இரண்டாயிரம் அடி மேலே, 45 பாகைச் சாய்கோணத்தில் நெருங்குங்கள்; வேண்டாம் என்றால் விலகித் திரும்ப வழி இருக்கும். முகட்டில் காற்று 20 நாட்டைத் தாண்டும் நாளில் போகவே வேண்டாம். பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து மலையைத் தாண்டும் காற்று கிழக்குச் சரிவில், அதாவது நம் பக்கத்தில்தான், கீழ்நோக்கிப் பாய்கிறது. முழு வலுவில் ஏறினாலும் விமானம் இறங்கும்.

கோடை மழைக் காலத்தில் சேர்வராயன், கொல்லிமலை, நீலகிரி அடிவாரம் என்று மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டும். அதிலிருந்து 20 கடல் மைல் விலகியிருங்கள். மழை உங்கள் மேல் விழாவிட்டாலும் அதன் முன்னே ஓடிவரும் புழுதிக்காற்று ஓடுபாதையைப் புரட்டிவிடும். மார்கழி, தை விடியலில் மூடுபனி. 5 கிலோமீட்டர் பார்வை வரும்வரை காத்திருங்கள், அது விதியும்கூட.

ஆடி மாதத்தில் பொள்ளாச்சி பக்கம் ஈரக்காற்றில் பறக்கும்போது கார்புரேட்டரில் பனி கட்டும் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். வெளியே 20 பாகை இருந்தாலும், ஈரம் மிகுந்த காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் விரிந்து, எரிபொருள் ஆவியாகும்போது பல பாகை குளிர்ந்துவிடும். திராட்டிலைக் குறைத்து இறங்கும்போது அபாயம் அதிகம். குறைக்குமுன் கார்புரேட்டர் வெப்பத்தை முழுவதும் இழுத்துவிடுங்கள். எஞ்சின் சற்று உலுக்கினால் பயந்து பழையபடி தள்ளிவிடாதீர்கள்; உருகிய நீர் உள்ளே போகிறது என்று பொருள்.

பறவைகள் விஷயத்தில், கோவை ஓடுபாதைப் பக்கம் மயில்கள் தொல்லை தெரிந்ததே. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் மேல் பருந்துகள் வட்டமிடும். வெள்ளோடு குளத்தில் பனிக்காலத்தில் கூழைக்கடா வரும். எதிரே பறவை வந்தால் மேலே ஏறுங்கள். பெரும்பாலும் அவை கீழே பாயும்.

எரிபொருளைப் பேரலிலிருந்து ஊற்றும் இடங்களில் வடிகட்டியைக் கண்ணால் பார்க்காமல் ஊற்றவிடாதீர்கள். பிறகு டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெள்ளைக் காகிதத்தின் எதிரே தூக்கிப் பாருங்கள். சிறு விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல் இளநீலம். அடியில் நிறமற்ற குமிழ் உருண்டால் தண்ணீர். அது போகும்வரை திரும்பத் திரும்பப் பிடியுங்கள். குப்பி முழுவதுமே நிறமில்லாமல் இருந்தால் அது முழுக்கத் தண்ணீராக இருக்கலாம், ஜெட் எரிபொருளாகவும் இருக்கலாம். முகர்ந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அந்த விமானம் அன்று நகரக் கூடாது. எரிபொருள் மானியை நம்பாமல் குச்சி விட்டு அளவெடுங்கள். இறங்கும்போது ஒரு மணி நேர எரிபொருள் மிச்சமிருப்பதாகத் திட்டமிடுங்கள்.

காகித வேலையைச் சோம்பலால் விடக் கூடாது. சூலூரில் விமானப்படைத் தளம் கோவைக்கு மிக அருகில் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் பறக்கும்போது பறத்தல் திட்டத்தோடு வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும், பறத்தல் தகவல் மையத்தின் எண்ணும் கையில் இருக்க வேண்டும். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது தொடக்கூடாது என்பது நம் நாட்டு விதி. தனியார் உரிமத்தில் பணம் வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது.

உறவுக்காரர்கள் வந்து நிற்கும்போது இவையெல்லாம் கடினமாகத் தோன்றும். “மாப்பிள்ளை, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மருதமலையை ஒட்டி ஒரு சுற்று தாழ்வாகக் காட்டிவிடுங்கள்” என்பார் மாமா. காற்று எழும்பியிருந்தால், “நாளைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வாருங்கள் மாமா, அமைதியாக இருக்கும், நிதானமாகப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு விமானத்தைக் கட்டுங்கள். ஆடியில் கட்டுவதற்கு மூன்று இடத்திலும் கயிறு வேண்டும், மூக்கு மேற்கே பார்த்திருக்க வேண்டும், சுக்கான்கள் காற்றில் ஆடாமல் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பூட்டு போட்டிருக்க வேண்டும். காலையில் வந்ததும் அந்தப் பூட்டையும் வேகமானிக் குழாயின் உறையையும் எடுத்து மாமாவின் கையிலேயே கொடுத்துவைத்து, பிறகு விமானத்தைச் சுற்றிப் பார்க்கத் தொடங்குங்கள்.